பதினொரு வினாடி

ஓல்டன் நகரத்து மூடுபனி
ஆற்றிலிருந்து எழும்பி எங்கள் கூரையைத் தொடுமுன்பே
உள்ளே இன்னொரு பனி:
ஐந்து மருத்துவமனைகளின் துணி
எண்பது பாகையில் விடுகிற மூச்சு.

அறுவை அங்கி ஒன்றுக்கு நாடா நான்கு.
நான்கும் கூடிக்கொண்டால் ஒரு முடிச்சு.
முடிச்சோடு போனால் இஸ்திரி உருளை கடித்துக்கொள்ளும்,
சிவப்பு விளக்கு எரியும்,
அலுவலகத் திரையில் என் கணக்கு இறங்கும்.
மணிக்குத் தொண்ணூற்றெட்டு அங்கி.
நகத்தால் பிரிப்பேன், நகம் போனால் பல்லால்.
பல்லால் கூடாதென்று சுவரில் படம் இருக்கிறது.

நவம்பரில் ஓர் இரவு
உடைந்த கம்பிக் கொளுவி ஒன்றை
வளைத்தேன், நிமிர்த்தினேன், மறுபடி வளைத்தேன்.
தூண்டிலும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில் ஒரு கோணல்.
முடிச்சின் வயிற்றில் விட்டு ஒரு சுண்டு.
நாலு நாடாவும் நாலு திசைக்குப் போயின.
எண்ணிப் பார்த்தேன்:
முடிச்சுக்குப் பதினொரு வினாடி மிச்சம்.

கீழ்மாடியில் யோசனை அறை இருக்கிறது.
முன்பு புகைபிடித்த இடம், இப்போது பச்சை வண்ணம்.
உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் பொதி இருக்கைகள்,
கட்டுக்கட்டாக மஞ்சள் ஒட்டுத்தாள்,
கதவில் 'பயமின்றிச் சிந்தியுங்கள்.'
மாலை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள்.
எங்களுக்கு வேலை இரவு பத்துக்கு.
கண்ணாடி வழியே பார்த்தால்
பொதியில் யாரோ இருந்தெழுந்த பள்ளம் மட்டும்
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்.

ஷ்டெட்லர் நல்ல மனிதர். உண்மையாகவே.
பிறந்தநாள் தவறாமல் கேக் வாங்குகிற முதலாளி.
வண்டியைப் பின்பக்கமாக ஏற்றினால்
ஒரு நடை குறையும் என்று
போன வருடம் மிர்சாத் அவரிடம் சொன்னான்.
கைகுலுக்கினார், படம் எடுத்தார்,
ஐம்பது பிராங்குக் கடைச்சீட்டும் கொடுத்தார்.
அடுத்த திங்கள் பலகையில்
இருபது வண்டி இருபத்தாறு ஆகியிருந்தது.
மிர்சாத்தோடு மூன்று வாரம் ஒருவரும் கதைக்கவில்லை.
நானும்தான்.

ஆகவே கம்பி என் காலுறைக்குள் இருந்தது.

இரவுப் பொறுப்பாளர் ரூத் ஆம்மான்.
ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.
கை நின்றது.
'மூன்றாம் இயந்திரத்தில் ஏதோ சத்தம்' என்றார்.
மூன்றாம் இயந்திரம் அன்று ஓடவேயில்லை.
போய்க் கால்மணி நேரம்
ஓடாத இயந்திரத்தைக் காதுகொடுத்துக் கேட்டார்.

அந்தக் கால்மணியில்தான் கிராசாவுக்குக் காட்டினேன்.
அவளுக்கு இடக்கைப் பழக்கம்,
வளைவை மறுபக்கம் திருப்பினாள்.
மிர்சாத் பிடிக்கு ரப்பர் சுற்றினான்.
துணி கிழியாமல் முனையை மழுக்கியது யாரென்று
இன்றுவரை தெரியாது.
தை பிறப்பதற்குள் ஏழு கம்பிகள்,
ஒன்றைப்போல் ஒன்றில்லை.

மிச்சம்பிடித்த வினாடிகளோடு
ஏற்றுக்கதவடியில் போய் நிற்போம்.
எதிரே சரக்கு ரயில்கள் பெட்டி மாற்றும்.
திரையில் எங்கள் கணக்கு
தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு.
அதை அங்கேயே வைத்திருப்பது தனி வேலை.

பங்குனியில் சூரிச்சிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தாள்.
இரவு முறைக்கே வந்தாள், அதற்காக மதிக்கிறேன்.
தரையில் கிடந்ததைக் குனிந்து எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'அழகாக இருக்கிறதே, என்ன இது?'

அவள் கேட்ட விதத்துக்குச்
சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது.
நாக்கு நுனி வரை வந்தது.
பலகையைப் பார்த்தேன்.
ரூத் மூன்றாம் இயந்திரத்தின் பக்கம்
நடக்கத் தொடங்கியிருந்தார்.

'கோட்டுக் கொளுவி,' என்றேன்.
'உடைஞ்சு போச்சு.'

குப்பையில் போடவில்லை அவள்.
தன் பையிலும் போடவில்லை.
வலக்கையில் பிடித்து ஒருமுறை சுண்டிப் பார்த்தாள்,
இடக்கைக்கு மாற்றி இன்னொரு முறை.
பிறகு நேரே போய்
கிராசாவின் மேசை விளிம்பில் வைத்துவிட்டு,
திறந்து வைத்திருந்த பேனையை
ஒன்றும் எழுதாமல் மூடினாள்.